விட்டிட்டாங்கள் எண்டு சொன்ன ஆக்கள்

புதுசா வேலைக்கு வந்திருக்கிற பிள்ளையளுக்கு ஏதாவது எழுதித் தாங்கோ அன்ரி எண்டு கேட்டிருக்கிறியள். படிவம் எப்பிடி நிரப்புறது, எந்த மாடியிலை கொண்டுபோய்க் குடுக்கிறது எண்டதெல்லாம் என்னட்டைக் கேக்காதேங்கோ. நான் வேலையை விட்டுக் கனகாலம். உதுகளை உங்கட கொம்பியூட்டர் என்னை விட வடிவாச் சொல்லும். எனக்குத் தெரிஞ்சது வேறை. முன்னுக்குக் கதிரையிலை வந்து இருக்கிற சனம் எதைச் சொல்லாமல் விடுது, ஏன் விடுது எண்டது. பகிடிக்குச் சொல்லேல்லை, சம்பளம் வாங்கிக்கொண்டு நான் செய்த வேலை அதுதான்.

நான் இருந்தது ஸ்காபரோவிலை, ஒரு சாப்பாட்டுக்கடைக்கு மேல்மாடியிலை, அகதிக் கேஸ் செய்யிற ஒரு லோயரின்ர கந்தோரிலை. ஆக்களோடை கதைச்சு, நடந்ததைக் கேட்டு எழுதி, ஹியரிங் எண்ட விசாரணைக்கு ஆயத்தப்படுத்திறது என்ர பொறுப்பு. லோயர் வெள்ளைக்கார மனுசன். தமிழிலை வணக்கம் மட்டும் தெரியும், அதுவும் அவர் சொன்னால் ஆரோ தும்மின மாதிரி இருக்கும். ஆனால் வேலை எண்டால் அந்த மனுசனிட்டைப் படிக்கவேணும். அவரிட்டை ஒரு பழக்கம் இருந்தது. வந்த ஆளின்ர கதையை வாசிக்க முதல் அரசாங்க றிப்போட்டைத்தான் வாசிப்பார். வாசிச்சு, சிவப்புப் பேனையாலை கோடு போட்டு என்னட்டை நீட்டுவார். "இதை முழுசா நம்புற ஒராள் உன்ர ஆளிட்டை என்ன கேக்கும்? அதை நீ முதல் கேள்" எண்டுவார். முதல் வருசம் எனக்கு விசர்தான் வந்தது. இஞ்சை ஒருத்தன் அடிவாங்கின முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறான், இந்த மனுசன் புத்தகம் படிக்குதே எண்டு. பேந்துதான் விளங்கினது.

றிப்போட் எண்டால் என்ன எண்டு உங்களுக்குத் தெரியும், எண்டாலும் சொல்லுறன். எந்தெந்த நாட்டிலை ஆரைப் பிடிக்கிறாங்கள், ஆருக்கு அடிக்கிறாங்கள், ஆர் லஞ்சம் வாங்கிறான் எண்டு ஒவ்வொரு அரசாங்கமும் விசாரிச்சு எழுதிறது. ஹியரிங் அறையிலை தீர்ப்புச் சொல்லுற ஆளை மெம்பர் எண்டுதான் சொல்லுவம். அவையின்ர மேசையிலை அது செங்கல்லுக் கணக்கா இருக்கும். நீங்கள் கண்ணீரோடை சொல்லுறது ஒரு பக்கம், அந்தச் செங்கல் ஒரு பக்கம். இரண்டும் ஒத்துவராட்டில் எது நிக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

நான் சொல்லப்போறது தொண்ணூறுகளின்ர நடுவிலை நடந்தது. இலங்கையிலை புது அரசாங்கம் வந்திருந்த நேரம். சமாதானம் வரப்போகுது, காணாமல் போன ஆக்களைப் பற்றி விசாரிக்கக் குழு போட்டாச்சு, பொலிஸ் ஆரையும் பிடிச்சால் வீட்டுக்காரருக்கு அத்தாட்சித் துண்டு குடுக்கவேணும் எண்டு சட்டம் வந்தாச்சு. றிப்போட் எழுதிறவைக்கு இதெல்லாம் தேன். "நிலைமை மாறிக்கொண்டு வருகுது" எண்டு எழுதிச்சினம். பேந்து சண்டை திரும்பத் துவங்கினது, கொழும்பிலை லொட்ஜ் லொட்ஜா ஏறித் தமிழரை அள்ளிச்சினம். ஆனால் "மாறிக்கொண்டு வருகுது" மட்டும் மாறேல்லை. அதுக்குள்ளை ஒரு வசனம் இருந்தது. கொழும்பிலை பிடிபடுற தமிழர் அநேகமா அடையாளம் விசாரிச்ச பிறகு விடுவிக்கப்படுகினம் எண்டு. அந்த ஒரு வசனத்தாலை எத்தினை குடும்பத்துக்கு இல்லை எண்டு கடிதம் வந்தது எண்டு நினைக்கிறியள்? "உம்மை விசாரிச்சு விட்டிட்டினம் எல்லோ, பிறகென்ன பயம்?" எண்டு மெம்பர் கேட்டால் என்னத்தைச் சொல்லுறது?

சொல்லுறதுக்கு மறுமொழி இருந்தது. ஆர் சொன்னவை?

கொழும்பிலை பொலிசிட்டை இருந்து சும்மா வெளியிலை வந்த தமிழனை நான் கண்ணாலை காணேல்லை. ஒரு தரகர் இருப்பான். தாயோ மனிசியோ கழுத்திலை கிடந்ததைக் கழட்டிக் குடுப்பினம். பிறகுதான் கதவு திறக்கும். இது ஊரறிஞ்ச விசயம், கலியாண வீட்டிலையும் செத்த வீட்டிலையும் கதைக்கிற விசயம். ஆனால் என்ர மேசைக்கு முன்னாலை வந்து இருந்தால் எல்லாரும் ஒரே கதைதான். "விட்டிட்டாங்கள்."

ஏன் தெரியுமோ? லஞ்சம் குடுத்தது களவாம். கனடா அரசாங்கத்துக்கு முன்னாலை போய் நாங்கள் லஞ்சம் குடுத்தனாங்கள் எண்டு சொன்னால் கிறிமினல் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்களாம். காசு வாங்கி ஆக்களைக் கனடாவுக்கு ஏத்தி விடுற ஏஜென்சிக்காரர் சொல்லி விட்டிருக்கிறாங்கள், அதைப் பக்கத்து அப்பாட்மென்ட் ஆக்கள் உறுதிப்படுத்தியிருக்கினம். சரி, அது பயம். இன்னொரு வகை ஆக்கள் இருந்தவை, அவைக்கு மானம். தபாற்கந்தோரிலை பெரியவரா இருந்து இளைப்பாறின ஒரு ஐயா வந்தவர். கோட்டுப் போட்டு, ரை கட்டிக்கொண்டு, கதிரையிலை நிமிர்ந்து இருந்தார். "தங்கச்சி, நான் சேவிசிலை இருந்த காலம் முழுக்க ஒரு வாழைப்பழம் வாங்கித் திண்டறியன். அப்பிடிப்பட்ட நான் ஒரு பொலிஸ்காரனுக்குக் காசு நீட்டினனான் எண்டு இன்னொரு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுறியளோ?" எண்டார். மகன் காசு குடுத்துத்தான் அவரை எடுத்தவன். மகனே எனக்குச் சொன்னவன். ஐயா ஒத்துக்கொள்ளவே இல்லை. விட்டிட்டாங்கள் எண்டுதான் சொன்னார், அந்த நேரம் அதிட்டம், அவற்ற கேஸ் சரிவந்திட்டுது. கண்டியளோ, அதுதான் பிழையாப் போச்சு. அவருக்குச் சரிவந்தது எண்டு பத்துப் பேர் அதையே சொன்னவை.

இனி மலரின்ர கதைக்கு வாறன்.

மலரும் புருசன் தேவராசாவும் மட்டக்களப்புப் பக்கம். இரண்டு சின்னப் பிள்ளையள். ஸ்காபரோவிலை வோபர்ன் பக்கம் ஒரு அப்பாட்மென்டிலை, இன்னொரு குடும்பத்தோடை சேர்ந்து இருந்தவை. தேவராசா கதைகாரன், ஊரிலை கடை வைச்சிருந்த ஆள், எதுக்கும் ஒரு சிரிப்பு. மலர் கதைக்கிறது குறைவு. கந்தோருக்கு வந்தால் கடைசிப் பெடிச்சிக்குத் தோடம்பழம் உரிச்சுக் குடுத்துக்கொண்டு இருப்பா, கண் மட்டும் என்னிலை இருக்கும்.

தேவராசா சொன்ன கதை இதுதான். கொழும்பிலை லொட்ஜிலை நிண்டவை. ஒரு நாள் பொலிஸ் வந்து தேவராசாவையும் மலரின்ர தம்பி சுகந்தனையும் ஒரே அறையிலை பிடிச்சவங்கள். ஒரே நிலையத்திலை வைச்சு அடிச்சவங்கள். பிறகு தேவராசாவை விட்டிட்டாங்கள். குடும்பம் இஞ்சை வந்திட்டுது. தம்பி இன்னும் அங்கை. தாய் கொழும்பிலை நிண்டு அலைஞ்சு திரியிறா.

எனக்கு லோயரின்ர சிவப்புக் கோடு ஞாபகம் வந்தது. "ஒரே அறையிலை, ஒரே நேரத்திலை பிடிச்ச இரண்டு பேர். அடையாளம் விசாரிச்சு உம்மை விட்டவங்கள் எண்டால், அவரை ஏன் விடேல்லை?" எண்டு கேட்டன்.

தேவராசாவின்ர சிரிப்பு நிண்டிட்டுது. சுவரைப் பாத்தார். பிள்ளை தோடம்பழத்துக்குக் கை நீட்டினது, மலர் குடுக்கேல்லை.

"ரெண்டு பேருக்கும் காணாது அக்கா" எண்டா மலர்.

நான் பேனையை வைச்சிட்டன். நகையெல்லாம் வித்து ஒருத்தரைத்தான் எடுக்கலாம் எண்டு வந்தபோது, பிள்ளையளின்ர தகப்பனை எடுங்கோ எண்டு சொன்னது மலராம். தம்பியை அடுத்ததா எடுக்கிறது எண்டு பேச்சு. அதே தரகர், நிலையத்திலை காசு வாங்கின அதே பெரியவன். இப்பவும் தாய் அவனோடைதான் கதைச்சுக்கொண்டு இருக்கிறா. ஆள் உயிரோடை இருக்கிறான் எண்டதுக்குத் தரகர் இடைக்கிடை ஒரு துண்டு கொண்டுவந்து காட்டுவானாம், தம்பியின்ர கையெழுத்தோடை.

இதை எழுதலாமோ எண்டு கேட்டன். தேவராசா ஓம் எண்டார். இடத்தின்ர பேரும் ஆளின்ர பேரும் வேண்டாம் எண்டா மலர். சரி, காசு குடுத்து வெளியிலை வந்தது எண்ட அளவிலை எழுதினம்.

ஹியரிங் நடந்தது டவுன்ரவுனிலை, ஒரு உயரக் கட்டடத்திலை. மெம்பர் ஒரு நடுவயதுப் பொம்பிளை. பிள்ளையள், கெட்ட மெம்பருக்குப் பயப்பிடாதேங்கோ, அதுக்கு வழி இருக்கு. இவ நல்ல மனுசி. எல்லாப் பக்கமும் வாசிச்சு, ஒட்டுத்துண்டு வைச்சுக்கொண்டு வந்திருந்தா. தேவராசா சொன்னதை முழுக்கக் கேட்டா. கேட்டிட்டுச் சொன்னா: "எனக்கு உம்மை நம்ப விருப்பம். ஆனால் நீர் சொல்லுற லஞ்சம் இந்த றிப்போட்டிலை இல்லை. அதை விடுங்கோ, கொழும்பிலை பிடிபட்டு வந்த எத்தினையோ தமிழர் இதே கதிரையிலை இருந்து எனக்குச் சாட்சி சொல்லியிருக்கினம். தங்களை விசாரிச்சு விட்டதெண்டுதானே அவை சொன்னவை?"

றிப்போட்டிலை இருந்த அந்த வசனத்தை வெள்ளைக்காரன் எங்கையோ ஒரு கந்தோரிலை இருந்து கற்பனையிலை எழுதினான் எண்டு நான் திட்டாத நாள் இல்லை. அவனுக்கு ஆர் சொன்னது? நாங்கள். எங்கட கந்தோரிலை இருந்து போன கதையளும் சேர்ந்துதான் அது. தபாற்கந்தோர் ஐயா நிமிர்ந்து இருந்து சொன்னதும் அதுக்குள்ளை இருக்கு. மானத்துக்கும் பயத்துக்கும் நாங்கள் மறைச்சதை அவை ஒழுங்கா எழுதி, அச்சடிச்சு, எங்களுக்கு எதிரா மேசையிலை வைச்சிருக்கினம்.

மெம்பர் பேந்து சொன்னா, நல்ல மனத்தோடைதான் சொன்னா: "எந்தப் பொலிஸ் நிலையம், ஆர் அதிகாரி எண்டு சொல்லுங்கோ. கொழும்பிலை இருக்கிற எங்கட அலுவலர் விசாரிக்கலாம். உங்கட பேர் ஒரு இடத்திலையும் வராது. அப்பிடி நடக்கிறது எண்டு அங்கையிருந்து வந்தால், உங்கட கேஸ் மட்டுமில்லை, இந்த றிப்போட்டையும் திருத்தலாம்."

தேவராசாவின்ர முகம் விடிஞ்சுபோச்சு. வாயைத் திறக்கிறார். மேசைக்குக் கீழை மலர் அவற்ற கையைப் பிடிச்சதை நான் பாத்தன். நான் லோயரின்ர முழங்கையைத் தட்டி, ஒரு இடைவேளை கேளுங்கோ எண்டன். அவர் ஏன் எண்டு கேக்கேல்லை. உடனை எழும்பிக் கேட்டார். உங்களுக்கு ஒரு புத்தி சொல்லுறன், உங்கட லோயர் ஏன் எண்டு கேக்காமல் இடைவேளை கேக்கிற அளவுக்கு அவரோடை முதலிலையே பழகி வையுங்கோ.

அறைக்கு வெளியிலை விறாந்தையிலை நாலு பேரும் நிண்டம். தேவராசாவுக்குக் கோபம்.

"என்ன மலர் இது? அவ கேஸைத் தரன் எண்டு கை நீட்டுறா. நீ என்ட கையப் பிடிக்கிறாய்!"

"என்ட தம்பி அந்தப் பெரியவன்ட கையில இருக்கான்."

"கேஸ் இல்லையெண்டா நாலு பேரையும் அதே கொழும்புக்குத்தானே ஏத்துவாங்க! பிள்ளையளையும் கொண்டுபோய் அவன்ட கையில குடுக்கப் போறியா?"

லோயர் என்னைப் பாத்து, "இஞ்சை சொல்லுறது ரகசியம், பயப்பிடத் தேவையில்லை எண்டு மலருக்குச் சொல்லு" எண்டார். நான் சொல்லேல்லை. எனக்குக் கொதி வந்திட்டுது. "இந்த அறையிலை இருந்து பேர் வெளியிலை போகாது எண்டு சொல்லுறன். அங்கை போய் விசாரிச்சால் அங்கை என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? தெரியாத விசயத்துக்குப் பயப்பிடாதை எண்டு சொல்ல என்னாலை ஏலாது" எண்டன். மனுசன், "சரி. அப்பிடியே சொல்லு" எண்டார். தெரிஞ்சது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு எண்டு பிரிச்சு மலருக்குச் சொன்னன். உங்கட வேலையிலை இதைவிட ஒண்டும் பெரிசில்லை. பாவம் பாத்து ஆறுதல் சொல்லப்போகாதேங்கோ. ஆறுதலை நம்பித்தான் சனம் முடிவெடுக்கும்.

உள்ளை போய் லோயர் தவணை கேட்டார். மெம்பர் ஒருக்காத்தான் தரலாம் எண்டா. அதுக்குள்ளை வேறை ஆக்களிட்டை இருந்து, கொழும்பிலை காசு குடுத்துத்தான் வெளியிலை வந்தனாங்கள் எண்டு சத்தியக் கடிதம் கொண்டுவந்தாலும் ஏற்கலாம் எண்டா. எனக்கு உயிர் வந்தது. உந்தக் கடிதம் என்ன, ஸ்காபரோ முழுக்கக் கிடக்கே! வேறை வேறை நிலையம், வேறை வேறை ஆள். பத்துக் கடிதம் வந்தால் மலர் தன்ர நிலையத்தின்ர பேரைச் சொல்லத் தேவையில்லை.

சப்பாத்துக்குள்ளை பனி போகப்போக நான் ஏறி இறங்காத வீடில்லை. நகரத்தின்ர மற்றக் கரையிலை, ரெக்ஸ்டேலிலை ஒரு குடும்பம் இருந்தது, இரண்டு பஸ் மாறிப் போனன். தேத்தண்ணி தந்து, தட்டுவடை தந்து, லஞ்சம் குடுத்த கதையை அந்த மனிசி அழுதழுது சொன்னா. கையெழுத்து எண்டதும் புருசன் எழும்பி ரீவியின்ர சத்தத்தைக் கூட்டினார். "அக்கா, நாங்கள் ஹியரிங்கிலை விட்டிட்டாங்கள் எண்டு சொன்னனாங்கள். இப்ப மாத்தி எழுதித் தந்தால் அண்டைக்குப் பொய் சொன்னது எண்டு எங்கட பேப்பரைப் பறிக்கமாட்டாங்களோ?" எண்டார்.

நான் என்ன சொல்ல? பறிக்கலாம். பொய் சொன்னது பொய்தானே.

போன வீடெல்லாம் அதே கேள்வி. கடைசியா தபாற்கந்தோர் ஐயாவிட்டைப் போனன். அவர் மகனோடை பிக்கரிங்கிலை புது வீடு வாங்கிப் போயிட்டார். நேர்மையான மனுசன், ஒரு குடும்பத்தின்ர உயிர்ப் பிரச்சினை எண்டால் எழுதித் தருவார் எண்டு நம்பிப் போனன். மலரின்ர பேர் சொல்லாமல் எல்லாத்தையும் சொன்னன். கேட்டுக்கொண்டே இருந்தார். கண் கலங்கினது. பிறகு மெல்லமாச் சொன்னார்: "தங்கச்சி, நான் அந்த அறையிலை சத்தியம் பண்ணிச் சொன்னனான். இப்ப எழுதித் தந்தால் நான் லஞ்சமும் குடுத்தவன், பொய்ச்சத்தியமும் பண்ணினவன். என்ர பேரப்பிள்ளையளின்ர முகத்தைப் பாக்கவேணும்."

"ஐயா, அந்தப் பிள்ளைக்கும் ஒரு தம்பி இருக்கிறான்" எண்டன்.

"தெரியும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டு வாசல்மட்டும் வந்து என்ர கோட்டை எடுத்துத் தந்தார். திரும்பி ரெயினிலை வரேக்கை எனக்கு அந்த மனுசனைக் கண்டபடி திட்டவேணும் போலை இருந்தது. திட்டியும் இருப்பன், பக்கத்திலை ஆக்கள் இருந்தபடியாலை வாய்க்குள்ளை. ஒரு கடிதம் கிடைக்கேல்லை பிள்ளையள். ஒரே ஒரு கடிதம்.

தவணை வாறதுக்குக் கொஞ்ச நாள் முன்னம் மலர் தனியக் கந்தோருக்கு வந்தா. பிள்ளையளைக் கொண்டுவரேல்லை. கடிதம் கிடைச்சுதோ எண்டு கேட்டா. இல்லை எண்டன். அம்மாவோடை கதைச்சதாச் சொன்னா. தரகர் அடுத்த மாதம், அடுத்த மாதம் எண்டு இழுக்கிறானாம். இப்ப கொஞ்ச நாளாத் தம்பியின்ர கையெழுத்துத் துண்டும் வரேல்லையாம்.

"அவன் உயிரோடதான் இருக்கான் எண்டு அம்மா சொல்றா. எனக்கும் அப்பிடித்தான். நீங்க என்ன நினைக்கிறீங்க அக்கா?"

"எனக்குத் தெரியாது மலர்."

"நான் சொன்னா அவனுக்கு ஏதும் நடக்குமா?"

"நடக்கலாம். நடக்காமலும் விடலாம். எனக்குத் தெரியாது."

"சொல்லாட்டி எங்கட கேஸ் போயிரும்."

"அநேகமாப் போகும்."

நான் தேத்தண்ணி எடுத்துக் குடுத்தன், குடிக்கேல்லை. எழும்பேக்கை, "நீங்க ஒரு பக்கமும் சொல்லமாட்டீங்க, என்ன?" எண்டா. கோபமாச் சொல்லேல்லை. மாட்டன் எண்டன். இண்டைக்கு வரைக்கும் அது சரியோ எண்டு யோசிக்கிறன். சரிதான். ஆனால் அதைச் சொல்லுற நேரம் எனக்கு என்னிலையே அருவருப்பா இருந்தது, அதையும் சொல்லிப்போடவேணும்.

இரண்டாம் அமர்விலை தேவராசாவிட்டைக் கேள்வி வந்தது. அவர் மலரைப் பாத்தார். முடிவை அவவிட்டையே விட்டிட்டார், அந்த மனுசனுக்கு மனிசியிலை அந்த அளவு மரியாதை இருந்தது. மலர்தான் சொன்னா. நிலையத்தின்ர பேர், பெரியவன்ர பேர், தரகன் எந்தக் கடையிலை வந்து நிப்பான் எண்டது, எல்லாம். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கடைசியா மெம்பரைப் பாத்து, "என்ட தம்பி இன்னும் அங்கதான் இருக்கான். அதை மறந்திராதீங்க" எண்டா. மெம்பர் அதைத் தன்ர கையாலை எழுதினதை நான் பாத்தன்.

கனடாக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாத்தினவை, அதை நான் சொல்லத்தான் வேணும். ஒருத்தற்ற பேரும் வெளியிலை போகேல்லை. கொழும்பிலை இருந்த அலுவலர் அந்த நிலையத்தைப் பற்றி மட்டும், இப்பிடிக் கேள்விப்படுறம் எண்டு அங்கத்தை மேலிடத்திலை பக்குவமாக் கேட்டிருக்கினம். மேலிடமும் சும்மா இருக்கேல்லை. புது அரசாங்கம், வெளிநாட்டுக்காரருக்கு முன்னாலை நல்ல பேர் எடுக்கவேணும். அந்தப் பெரியவனைத் தூக்கி வேறை ஊருக்கு மாத்திச்சினம். எல்லாரும் தங்கட தங்கட வேலையைச் சரியாத்தான் செய்தவை.

கேஸ் வெண்டது. தேவராசா பெரிய கேக் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்து கந்தோர் முழுக்க வெட்டிக் குடுத்தார். மலர் வரேல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டார். நானும் நம்பினன்.

பிறகுதான் தெரியும். பெரியவன் மாறிப் போனதோடை தரகர் ஆளையே காணேல்லையாம். தாய் தானே நிலையத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறா. புதுசா வந்த பெரியவன் மரியாதையா இருத்தி, பதிவைப் பாத்து, அப்பிடி ஒராள் இஞ்சை ஒருநாளும் இருக்கேல்லை அம்மா எண்டு சொல்லியிருக்கிறான். லஞ்சம் வாங்காத மனுசனாம் அவன். ஐயோ, அந்தக் கதவு எவ்வளவு ஊத்தைக் கதவு எண்டு எங்களுக்குத் தெரியும். ஆனால் அது ஒரு கதவு. அதைச் சாத்தினவை உள்ளுக்கை ஆராவது நிக்கினமோ எண்டு பாக்கேல்லை.

அதுக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைச்சன், நீங்களும் வையுங்கோ. முதல் நாள், முதல் கேள்வி, என்ன நடந்தது எண்டு கேக்கிறேல்லை. இன்னும் அங்கை ஆர் இருக்கினம் எண்டு கேக்கிறது. இரண்டாவது, உம்மை விட்டவங்களோ, காசு குடுத்து எடுத்ததோ எண்டு நேரை கேக்கிறது. லஞ்சம் குடுத்தது உங்கட குற்றமில்லை, வாங்கினவன்ர குற்றம் எண்டு சொல்லிப்போட்டுக் கேக்கிறது. இப்ப உங்களிட்டை வாற சனம் தமிழர் மட்டுமில்லை, எங்கெங்கையோ இருந்து வருகினம். எந்த நாட்டுச் சனமும் தன்ர மானத்தை ஒரு இடத்திலை ஒளிச்சுவைச்சுக்கொண்டுதான் வரும். நீங்கள் கேக்காட்டில் அது அப்பிடியே றிப்போட்டாப் போய்ச் சேரும்.

அடுத்த வருசத்து றிப்போட் வந்தது. லோயர் சிவப்புக் கோடு போட்டு என்ர மேசையிலை வைச்சிட்டுத் தன்ர அறைக்குப் போயிட்டார். லஞ்சம் பற்றி ஒரு பந்தி புதுசா வந்திருந்தது. அதே கிழமை இன்னொரு பெடியன்ர கேஸ், காசு குடுத்து வெளியிலை வந்தவன், உண்மையை அப்பிடியே சொன்னவன். இல்லை எண்டு தீர்ப்பு வந்தது. காரணமா அந்தப் பந்தியைத்தான் எழுதியிருந்தினம். லஞ்சம் வாங்கின அதிகாரிமாரிலை அரசாங்கம் நடவடிக்கை எடுக்குது, நிலைமை மாறிக்கொண்டு வருகுது எண்டு.

மலருக்கு ஆரோ சொல்லியிருக்கினம். ஒரு நாள் வேலையாலை நேரை வந்தா, தொழிற்சாலை உடுப்போடை.

"அந்தப் புத்தகத்தில எங்கட விசயம் வந்திருக்காமே. வாசிச்சுக் காட்டுங்க அக்கா."

தமிழிலை சொன்னன். தலைநகரிலை ஒரு பொலிஸ் நிலையத்திலை, கைதியளின்ர குடும்பங்களிட்டை லஞ்சம் வாங்கினதாச் சொல்லப்பட்ட அதிகாரி ஒருவர் இடமாற்றம் செய்யப்பட்டார்.

"பிறகு?"

"அவ்வளவுதான் மலர்."

"என்ட தம்பியப் பத்தி?"

"இல்லை."

"நான் சொன்னனானே. அந்த மெம்பர் எழுதினாவே, நீங்களும் பாத்தீங்கதானே. எழுதினவங்களுக்கு ஒரு கடிதம் போடுங்க அக்கா. அந்த ஆளைப் பத்தி ஒரு வரி இருக்குதானே, அதுக்குப் பக்கத்தில அவனைப் பத்தியும் ஒரு வரி போடச் சொல்லுங்க."

போட்டன். லோயர் தன்ர பேரிலை கையெழுத்து வைச்சார். மறுமொழி வர கனநாள் எடுத்தது, ஆனால் வந்தது. மரியாதையான கடிதம். தாங்கள் விசாரிச்சதாகவும், சம்பந்தப்பட்ட நிலையத்திலை அப்பிடி ஒருவர் இருந்ததுக்குப் பதிவு இல்லாதபடியாலை, உறுதிப்படுத்த ஏலாத தகவலைச் சேர்க்க வழியில்லை எண்டும் எழுதியிருந்தினம். மலருக்கு ஃபோனிலை அதைச் சொன்னது நான்தான்.

அவ கேட்டா: "அப்ப அவன் செத்திட்டான் எண்டு நான் நிரூபிச்சாத்தான், அவன் அங்க இருந்தவன் எண்டு எழுதுவாங்களா அக்கா?"

ஓம் எண்டு சொன்னன்.